பெயர் சொல்லாமல் உதவியவருக்கு நன்றியை எப்படிச் சேர்ப்பது?

நன்றியுடையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். கணவரின் மறைவுக்குப் பிறகு என் ஊதியம் ஒன்றிலேயே குடும்பம் நடப்பதால், அவளுடைய கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதி நிலுவையில் இருந்தது. தவணையில் செலுத்த அனுமதி கேட்டு விண்ணப்பத்துடன் கல்லூரி அலுவலகத்துக்குச் சென்றேன். நிலுவை முழுவதும் முன்பே செலுத்தப்பட்டுவிட்டது என்றும், செலுத்தியவர் தம் பெயரை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் அங்கிருந்த அலுவலர் தெரிவித்தார். மகள் பெயரில் ரசீதும் கொடுத்தார்.

மகிழ்ச்சி என்று அதைச் சொன்னால் போதாது. நெடுநாளாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் அந்த ரசீதைப் பார்த்ததும் இறங்கியது. ஆனால் அதன்பின் வேறொரு தவிப்பு தொடங்கியிருக்கிறது. யாரேனும் உதவி செய்தால் அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும். இப்போது சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் என்னிடமே தங்கிவிட்டன. உறவினர், உடன் பணிபுரிவோர், கணவரின் பழைய நண்பர்கள் என யாரைப் பார்த்தாலும் ‘இவராக இருக்குமோ’ என்று மனம் தேடுகிறது.

அவரைக் கண்டுபிடிக்க முயல்வது முறையாகுமா, முறையில்லை என்றால் நன்றியை எவ்வழியில் அவரிடம் சேர்ப்பது என்பதை அனுபவமுள்ளவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன். மகள் கேட்கும் கேள்வி இதைவிடக் கடினமானது. ‘யாரோ ஒருவர் என்னை நம்பிப் பணம் கட்டியிருக்கிறார், நான் குறைந்த மதிப்பெண் வாங்கினால் அது அவருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா’ என்கிறாள். அவளுக்கு நான் என்ன விடை சொல்வது?

ஏடுபுரட்டி எழுதியது:

அம்மா, வணக்கம். உங்கள் மகளின் படிப்பு தடைபடாமல் தொடர்வதில் மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் முதல் கேள்விக்கு என் விடை, தேட வேண்டாம் என்பதே. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரை மறைத்துக் கொடுப்பது ஒருவருடைய கூச்சத்தால் மட்டும் நிகழ்வதன்று. பல சமயங்களைச் சேர்ந்தவர்களும் பல நாட்டுச் சான்றோரும் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்து வகுத்த ஒழுக்கம் அது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த தத்துவ அறிஞர் செனெக்கா, நன்மை செய்தலைப் பற்றி எழுதும்போது ஆர்கெசிலாவுஸ் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞரைக் குறிப்பிடுகிறார். ஆர்கெசிலாவுஸின் நண்பர் ஒருவர் ஏழை. ஆனால் தம் வறுமையை வெளியே காட்டிக்கொள்ளாதவர். நோயுற்றுப் படுத்திருந்தபோதும், அன்றாடத் தேவைகளுக்குக்கூடக் கையில் பணமில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆர்கெசிலாவுஸ் அவருக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் ஒரு பணப்பையை வைத்துவிட்டு வந்தார். ஒருவர் தந்ததாக அல்லாமல், தானாகக் கிடைத்ததாகவே அந்த நண்பர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். யார் கொடுத்தது என்பதே பெற்றவருக்குத் தெரியாமல் போகலாமா என்ற எதிர்வாதத்தையும் செனெக்கா எழுப்பிக்கொள்கிறார்; கொடுத்தேன் என்பது எனக்குத் தெரிந்திருக்கிறதே, அது போதும் என்ற பொருளில் விடை சொல்கிறார்.

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞரான மைமோனிடீஸ், ஈகையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். ஒருவருக்கு வேலையோ கடனோ தொழிலில் பங்கோ கொடுத்து, அவர் இனிப் பிறர் கையை எதிர்பார்க்காதபடி செய்வது எல்லாவற்றிலும் உயர்ந்த முதற்படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் அறியாமலிருப்பது அதற்கு அடுத்தது. கொடுப்பவருக்குப் பெறுபவரைத் தெரிந்திருந்தும் பெறுபவருக்குக் கொடுப்பவர் யாரென்று தெரியாமலிருப்பது மூன்றாவது. உங்களுக்குக் கிடைத்த உதவி இந்த மூன்றாம் படியைச் சேர்ந்தது என்று கருதுகிறேன். ஆயினும், ஒரு பெண் பட்டம் பெற்றுத் தன் காலில் நிற்பதற்கு அது துணை செய்கிறது என்பதால் முதற்படியின் பயனும் அதில் இருக்கிறது.

பழைய எருசலேம் ஆலயத்தில் இதற்கென்றே ஓர் அறை இருந்ததாக யூத மரபு நூல்கள் கூறுகின்றன. கொடுப்பவர்கள் அங்கே மறைவாக வைத்துவிட்டுச் செல்வார்கள். நற்குடும்பத்தில் பிறந்து வறுமையுற்றவர்கள் மறைவாக வந்து எடுத்துக்கொள்வார்கள். துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு நகரங்களில் உச்சியில் குழியுடைய கல்தூண்கள் நிறுவப்பட்டிருந்தன. காசு வைக்க வந்தவரா, எடுக்க வந்தவரா என்று பார்ப்பவருக்குத் தெரியாதவாறு இருவரும் ஒரே விதமாகக் கையை உயர்த்தித் துழாவ வேண்டியிருக்கும். அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பெறுபவர் தலை குனியக்கூடாது என்பதற்காக அவர்கள் எவ்வளவு நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார்கள்!

உங்களுக்கு உதவியவரும் அப்படித்தான் சிந்தித்திருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடித்தால், அவர் உங்களுக்குத் தந்தவற்றுள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது போலாகிவிடும்.

கூர்நோக்கு எழுதியது:

ஏடுபுரட்டி ஐயாவின் பதிவு சிறப்பானது. எனினும் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நானும் ஒருமுறை இத்தகைய உதவியைப் பெற்றவன் என்ற உரிமையில் அதைச் சொல்கிறேன்.

என் தொழில் நொடித்துப்போன காலத்தில், நான் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்த ஒரு தொகையை அறியாத ஒருவர் செலுத்தினார். அந்த உதவியால் நான் மீண்டேன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன்பிறகு நெடுங்காலம் எந்த நண்பரோடும் இயல்பாகப் பேச முடியவில்லை. ஒருவர் சற்று அன்பாகப் பேசினால் ‘இவர்தானோ’ என்று எண்ணினேன். இன்னொருவரிடம் கருத்து வேறுபட்டபோது, ஒருவேளை எனக்கு உதவியவரையே எதிர்த்துப் பேசுகிறோமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டேன். கொடுத்தவர் ஒருவர்தான், அவர் யாரென்று தெரியாத காரணத்தால் நான் அத்தனை பேருக்கும் கடன்பட்டவனாக நடமாடினேன்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வில், கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்று கடமைகளால் ஆன வட்டமாகவே அன்பளிப்பு பல சமூகங்களில் இயங்குகிறது என்றும், திருப்பிக் கொடுக்க இயலாதவர் மதிப்பில் தாழ்ந்துபோகிறார் என்றும் விளக்கினார். முகம் காட்டாத உதவியில் மூன்றாவது கடமையை நிறைவேற்றும் வாய்ப்பே பெறுபவருக்கு இல்லாமல் போகிறது. ‘வேண்டாம், நானே சமாளித்துக்கொள்கிறேன்’ என்று மறுக்கும் வாய்ப்பும் அவருக்குத் தரப்படுவதில்லை. எனவே, மறைந்து கொடுப்பது எப்போதும் பெறுபவரின் மானத்தைக் காக்கிறது என்ற கருத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. நன்றியுடையாள் அம்மாவின் தவிப்பு பொருளற்றதென்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

மறைகரம் எழுதியது:

நண்பர் கூர்நோக்கு எழுதியதைப் படித்தபின் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. பெயரைச் சொல்லாமல் உதவும் வழக்கம் எனக்கு உண்டு. யாருக்கு, எவ்வளவு என்பதையெல்லாம் இங்கும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் நிற்பவருடைய மனம் எப்படியிருக்கும் என்பதைச் சொன்னால் அம்மாவுக்கு உதவியாக இருக்கலாம்.

நான் உதவுகிறவர்களுள் பெரும்பாலோர் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்களை மீண்டும் மீண்டும் சந்திக்கிறேன். பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தால், அடுத்தமுறை பார்க்கும்போது அவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். நான் சொல்லும் கருத்தை மறுக்கத் தயங்குவார்கள். தமக்கென்று ஒரு புதிய பொருளை வாங்கினால்கூட என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வார்கள். அந்தத் தயக்கம் எங்களுக்கு இடையே வரக்கூடாது என்பதற்காகவே மறைகிறேன். முன்பு என்னோடு சண்டையிட்டவர் இன்றும் தயங்காமல் சண்டையிடுகிறார் என்றால், நான் செய்தது சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். ஆகவே, கூர்நோக்கு அவர்களே, நீங்கள் ஒரு வாதத்தில் வாயை மூடிக்கொண்டபோது எதிரில் இருந்தவர் ஒருவேளை அவராகவே இருந்திருந்தால், அவருக்கு அது வருத்தத்தைத்தான் தந்திருக்கும்.

பெறுபவருக்கு மறுக்கும் வாய்ப்பு இல்லாமல் போகிறது என்ற உங்கள் கருத்தை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். அதனால்தான், மானம் பெரிதென்று வாழ்பவர் ஒருவருக்கு உதவ வேண்டியிருந்தால், அவர் நம்பும் ஒருவர் வழியாக ‘இப்படியொரு வழி இருக்கிறது, ஏற்றுக்கொள்ள விருப்பமா’ என்று முதலில் கேட்டுவிடுகிறேன். பெயரை மறைப்பதற்கும் விருப்பத்தைக் கேட்பதற்கும் முரண் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றி வேண்டாம் என்பதற்காக நாங்கள் பெயரை மறைக்கிறோம் என்று பலர் எண்ணுகிறார்கள். புகழ் வேண்டாம், பதிலுதவி வேண்டாம் என்பது உண்மை. ஆனால் கொடுத்தது போய்ச் சேர்ந்ததா, உரிய காலத்தில் சேர்ந்ததா, போதுமானதாக இருந்ததா என்பதை அறிய மனம் ஏங்கத்தான் செய்கிறது. பெயரைக் கேட்காமல் இந்தச் செய்தியை மட்டும் எனக்கு யாரேனும் சேர்த்திருக்கிறார்களா என்றால், மிகச் சிலரே செய்திருக்கிறார்கள். அவை எனக்கு விலைமதிப்பில்லாதவை.

ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

நன்றியுடையாள் அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது நன்றியை எவ்வழியில் சேர்ப்பது என்பதற்கு, மருத்துவத் துறையில் நன்கு பழகிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன் என்பதால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும்.

இறந்தவர் ஒருவரின் சிறுநீரகமோ கல்லீரலோ இன்னொருவருக்குப் பொருத்தப்படும்போது, பெற்றவரும் கொடுத்தவருடைய குடும்பமும் ஒருவரை ஒருவர் அறியாதவாறு வைத்திருப்பது பல நாடுகளின் நடைமுறை. அதேவேளையில், நன்றி சொல்ல வழி அடைக்கப்படுவதில்லை. பெற்றவர் கடிதம் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுப்பார். பெயர், முகவரி, மருத்துவமனை, ஊர் போன்ற அடையாளங்கள் நீக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தபின் அது கொடையாளர் குடும்பத்துக்குப் போகும். அந்தக் குடும்பம் கடிதத்தைப் பெறும் மனநிலையில் இல்லை என்றால், அவர்களாகக் கேட்கும்வரை கோப்பில் காத்திருக்கும்.

ரத்த மூல உயிரணுக் (ஸ்டெம் செல்) கொடையிலும், கொடையாளர் பட்டியலைப் பேணும் பதிவகங்கள் இப்படித்தான் செயல்படுகின்றன. தொடக்கத்தில் பெயரற்ற கடிதங்கள் மட்டும் போய்வரும். பல நாடுகளில் ஓராண்டோ ஈராண்டோ கழிந்தபின், இருவருமே எழுத்துமூலம் இசைந்தால் அடையாளம் பகிரப்படும். சில நாடுகளில் ஒருபோதும் பகிரப்படுவதில்லை. ஸ்வீடனில், ஒருவர் அளித்த ரத்தம் நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டவுடன் கொடுத்தவருடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். எந்த நோயாளி என்பது அதில் இருக்காது. தம் ரத்தம் பயன்பட்டது என்ற செய்தி மட்டுமே இருக்கும். மறைகரம் அவர்கள் மேலே சொன்ன ஏக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கல்லூரி அலுவலகத்தில் பணம் செலுத்தியவரை அறிந்த ஒருவர் இருக்கிறார் அல்லவா? அவரே உங்களுக்கு ஒருங்கிணைப்பாளர். கடிதத்தை எழுதி, உறையில் இட்டு, ‘இதை அவரிடம் சேர்க்க இயலுமா? இயலாவிட்டால் திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். அவர் பெயரைச் சொல்லும்படி ஒரு சொல்லாலும் வற்புறுத்தாதீர்கள். இரண்டு பக்கத்து நம்பிக்கையையும் காக்க வேண்டிய இடத்தில் இருப்பவருக்கு அது பெரிய சங்கடம்.

கடிதம் எழுதுவதற்குத் தயங்கும் நோயாளிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘இவ்வளவு பெரிய உதவிக்கு என் எளிய சொற்கள் எம்மாத்திரம்’ என்பார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகிய உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தைப் பற்றியது. நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், அதைப் பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்று முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். பின்னர் பெற்றவர்களையும் கேட்டார்கள். பெற்றவர்களின் மகிழ்ச்சியும் வியப்பும் எழுதியவர்கள் கணித்ததைவிட அதிகமாக இருந்தன. சங்கடமோ கணித்ததைவிடக் குறைவாக இருந்தது. எழுதுகிறவர் தம் சொற்களின் திறத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார், பெறுகிறவர் அவற்றிலுள்ள அன்பையே பார்க்கிறார் என்பது அவர்களுடைய விளக்கம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நடைமுறை பற்றிச் சுருக்கமாக ஒன்று. ரசீதையும், நிலுவை எதுவுமில்லை என்ற கடிதத்தையும் அலுவலக முத்திரையுடன் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எவரேனும் வந்து ‘அந்தப் பணத்தைக் கட்டியது நான்தான்’ என்று கூறி எதையேனும் எதிர்பார்த்தால், உடனே நம்பிவிட வேண்டாம். பெயரை வெளியிட விரும்பாத ஒருவர், அதை வைத்து உரிமை கொண்டாட வர மாட்டார்.

வகுப்பறை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்மாவின் மூன்றாவது கேள்விக்கு இதுவரை யாரும் விடை தரவில்லை. எனக்கு அதுவே இந்த இழையின் முதன்மையான கேள்வியாகத் தோன்றுகிறது.

உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் பெயரைச் சொல்லிக் கட்டணம் செலுத்தியிருந்தால், ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலை அவரிடம் காட்ட வேண்டும் என்ற எண்ணம் உனக்கு இயல்பாக வந்திருக்கும், அவரும் கேட்டிருப்பார். கேட்கும் உரிமையை அவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார். நீ இவ்வளவு மதிப்பெண் எடுக்க வேண்டும், இன்ன வேலைக்குப் போக வேண்டும் என்று எந்த நிபந்தனையையும் அவர் விதிக்கவில்லை. விதித்திருந்தால் அது உனக்குத் தெரிய வந்திருக்கும். அவர் தந்தது கட்டணம் மட்டுமன்று. யாருடைய கண்ணும் தன்மீது இல்லாமல் படிக்கும் விடுதலையையும் சேர்த்துத் தந்திருக்கிறார். அதை அச்சமாக மாற்றிக்கொள்ளாதே.

இது வெறும் ஆறுதல் மொழியன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள காலமசூ என்ற நகரில், அங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்து முடிக்கும் மாணவர்களின் உயர்கல்விக் கட்டணத்தைச் செலுத்தும் திட்டம் 2005 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பணம் தருபவர்கள் தங்கள் பெயரை வெளியிடவில்லை. அந்தப் பள்ளிகளில் எத்தனை ஆண்டுகள் படித்தார்கள் என்பதைப் பொறுத்து, கட்டணத்தில் 65 முதல் 100 விழுக்காடு வரை கிடைக்கிறது. திட்டத்தில் சேர்வதற்கு வறுமையும் தகுதியாக வைக்கப்படவில்லை, உயர்ந்த மதிப்பெண்ணும் தகுதியாக வைக்கப்படவில்லை. அந்த ஊர்ப் பிள்ளையாக இருந்து அந்தப் பள்ளியில் படித்ததே போதும் என்றார்கள். ஆசிரியையாக எனக்கு இந்தச் செய்தி நெகிழ்ச்சியைத் தருவதற்குக் காரணம் அதுதான். முதல் மாணவனுக்குப் பரிசு கொடுக்க எல்லோரும் வருவார்கள். எந்தப் பிள்ளையும் தகுதியுள்ள பிள்ளையே என்று நினைத்துக் கொடுப்பவர்கள் அரிது.

பெற்றதை இன்னொருவருக்குச் செய்வது என்ற கருத்தும் இந்த இடத்தில் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசியலறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1784இல் பிரான்ஸிலிருந்து ஒருவருக்குப் பத்துப் பொற்காசுகள் அனுப்பியபோது, இதை நான் கொடையாகத் தரவில்லை, கடனாகத் தருகிறேன், உங்களைப் போலவே துன்பத்திலிருக்கும் நேர்மையான ஒருவரைக் காணும்போது அவருக்கு இதைக் கொடுத்து என் கடனைத் தீருங்கள் என்ற பொருள்பட எழுதினார். அழகான எண்ணம்தான். ஆனால் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் தலையில் இன்றே அதை ஏற்ற வேண்டாம். நன்றியுணர்ச்சி ஒருவரை அறியாதவருக்கும் உதவத் தூண்டுகிறது என்று பார்ட்லெட், டிஸ்டெனோ ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. கணினி பழுதாகித் தவித்தவருக்கு ஒருவர் உதவினார். அவ்வாறு உதவி பெற்றவர்கள், பின்னர் முன்பின் அறியாத ஒருவர் கேட்ட உதவியையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செய்தார்கள். யாரும் அவர்களுக்கு அதைக் கடமையாக விதிக்கவில்லை. மனம் நிறைந்தால் தானாக நிகழ்வதை, முன்கூட்டியே தவணைப் பட்டியல் போட்டுப் பிள்ளையிடம் நீட்டினால் அது வட்டிக்கடனாகிவிடும்.

கூர்நோக்கு எழுதியது:

வகுப்பறை அம்மையாரின் எச்சரிக்கையை வழிமொழிகிறேன். பெற்ற நன்மையை அடுத்தவருக்குக் கடத்துவது எல்லோருக்கும் எளிதாக நிகழ்வதில்லை என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கிரே, வார்ட், நார்ட்டன் ஆகியோர் 2014இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அறியாத ஒருவரிடம் பேராசையான நடத்தையைச் சந்தித்தவர்கள் அதே நடத்தையை அடுத்தவரிடம் காட்டினார்கள். தாராளமான நடத்தையைச் சந்தித்தவர்கள் அதே அளவு தாராளத்தைக் கடத்தவில்லை. தாராள மனத்துக்குக் கொஞ்சம் முயற்சியும் நினைவூட்டலும் தேவைப்படுகின்றன என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். நன்றியை மறவாமல் வைத்திருப்பதற்கு அதனாலேயே மதிப்பு கூடுகிறது.

மறைகரம் அவர்கள் எனக்கு எழுதியதைப் பலமுறை படித்தேன். ‘முன்பு சண்டையிட்டவர் இன்றும் தயங்காமல் சண்டையிட வேண்டும்’ என்பதே கொடுத்தவரின் விருப்பமாக இருக்கலாம் என்ற கோணம் எனக்கு முற்றிலும் புதியது. மறுக்கும் உரிமையைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அதை நீங்களே ஏற்றுக்கொண்டது மகிழ்ச்சி. ஆனால் நண்பர்களிடம் இயல்பாக இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கொண்டால், நான் சுமந்ததில் பாதிக்கு மேல் இறக்கிவைக்கக்கூடியது.

ஏடுபுரட்டி எழுதியது:

கூர்நோக்கு அவர்கள் குறிப்பிட்ட மோஸின் வட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பு. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரத்தின் முதற்குறளே, நாம் முன்பு எந்த உதவியும் செய்யாதிருக்க நமக்குச் செய்யப்பட்ட உதவியைப் பற்றியது. மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது என்கிறது குறள். ஈடு செய்ய முடியாது என்பதை வள்ளுவர் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அதன்பின் வரும் குறள்களில் மறவாமையை வலியுறுத்துகிறார். ஆகவே, திருப்பிக் கொடுக்க இயலாதவர் தாழ்ந்துவிடுகிறார் என்ற கணக்கு இங்கே செல்லுபடியாவதில்லை. மறவாதிருப்பவர் தம் பங்கைச் செய்துவிட்டார்.

பெயரை மறைப்பதன் ஆற்றலுக்கு நம் காலத்துச் சான்று ஒன்றையும் சேர்க்கிறேன். சுங்கவரியில்லாக் கடைகளின் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய அமெரிக்கர் சக் பீனி, 1982இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, 1997இல் செய்தி வெளிப்படும்வரை தம் பெயர் தெரியாமலேயே கொடுத்துவந்தார். வெளிப்பட்டதும் அவராக விரும்பி நடந்ததன்று. தொழிலை விற்றபோது எழுந்த வழக்கால் மறைக்க முடியாமற்போனது. ஏறத்தாழ 800 கோடி டாலரைக் கொடுத்து முடித்து, 2020இல் அறக்கட்டளையையே மூடினார், 2023இல் காலமானார். அவர் பணத்தில் எழுந்த கட்டடங்களில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. அங்கே படித்த எத்தனையோ மாணவர்கள் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமலேயே நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள். அவர் விரும்பியதும் அதுவாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நன்றியுடையாள் எழுதியது:

நேரம் ஒதுக்கி எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. தேடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வகுப்பறை அம்மா எழுதியதை மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ‘யாருடைய கண்ணும் தன்மீது இல்லாமல் படிக்கும் விடுதலை’ என்ற வரியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னாள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன கடிதத்தையும் முத்திரையுடன் வாங்கிவிட்டேன்.

ஒருங்கிணைப்பாளர் சொன்னபடி கடிதம் ஒன்று எழுதியிருக்கிறேன். அலுவலரிடம் கேட்டேன், சேர்க்க முடியும் என்று ஒப்புக்கொண்டார். கொடுப்பதற்கு முன் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்:

‘மதிப்புக்குரியவருக்கு வணக்கம். நீங்கள் செலுத்திய கட்டணம் உரிய நாளுக்கு முன்பே சேர்ந்துவிட்டது. அதனால் என் மகள் தேர்வெழுத எந்தத் தடையும் இல்லை. வாரத்தின் எல்லா நாள்களிலும் மாலையில் நான் பார்த்துவந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டேன். இப்போது அவள் படிக்கும் நேரத்தில் நான் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் யாரென்று நான் விசாரிக்கவில்லை, இனியும் விசாரிக்க மாட்டேன். எங்களைத் தெரிந்தவராக இருந்தால், எப்போதும் போலவே எங்களோடு பழகுங்கள். இந்தக் கடனை என்றாவது ஒருநாள் தீர்ப்பேன். என் வாழ்நாள் முழுவதும் உங்களை நினைத்திருப்பேன்.’

நீளம் போதுமா? இன்னும் எதையேனும் சேர்க்க வேண்டுமா?

மறைகரம் எழுதியது:

நீளம் சரியாக இருக்கிறது, அம்மா. மாலை வேலையை விட்டுவிட்டீர்கள் என்ற வரிதான் இந்தக் கடிதத்தின் உயிர். அதை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். பணம் கட்டியவர் கட்டணத்தை மட்டும் நினைத்துத்தான் கட்டியிருப்பார். உங்கள் மாலை நேரத்தையும் மீட்டுக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

‘இந்தக் கடனை என்றாவது ஒருநாள் தீர்ப்பேன்’ என்ற வாக்கியத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். அதைப் படித்தால், நீங்கள் எங்கேயோ பணம் சேர்த்துக்கொண்டு துன்பப்படுகிறீர்களோ என்று அவர் கவலைப்படுவார். அந்த இடத்தில், மகளுக்கு விருப்பமிருந்தால், அவள் கைப்பட இரண்டு வரி எழுதட்டும். மதிப்பெண்ணைப் பற்றி வேண்டாம். அவள் படிப்பில் எந்தப் பகுதி அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.